எட்டு மணிக்கு விரியும் பொத்தான்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. வைத்தவர் என் கணவர். இப்போது பார்த்துக்கொள்கிறவள் நான். ஏதோ ஆசையாகச் செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் "அட, என்ன அழகா இருக்குங்க!" என்று செல்போனைத் தொட்டிக்கு நேராக நீட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழகுதான், யார் இல்லை என்றது? ஒரு வாரம் இதற்கு வேலை செய்து பாருங்கள், அப்புறம் வந்து சொல்லுங்கள்.

தொட்டியில் மீன் ரெண்டே ரெண்டுதான். அவருக்கு ஆசை மீன்மேல் இல்லை. தேங்காய் அளவுக் கல் ஒன்றில் ஒட்டி வளர்கிற மென்பவளத்தின் மேல். கல்லாக இறுகிப்போகிற பவளம் வேறு. இது தொட்டால் ரப்பர்போல வழுக்கும். கும்பல் கும்பலாக முளைத்திருக்கும். ஒவ்வொன்றையும் அவர் 'பாலிப்' என்பார். நான் வைத்த பெயர் பொத்தான். அளவும் சட்டைப் பொத்தான் அளவுதான், நடுவில் பச்சையாக ஒரு வாய், அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டிக் கைகள். விளக்கு அணைந்திருக்கும்போது எல்லாம் மூடிக்கொண்டு, அவித்துக் கொட்டின மொச்சைக்கொட்டை மாதிரி பழுப்பாகக் கிடக்கும். காலை எட்டு மணிக்கு நீல விளக்கு தானாக எரியும். எட்டரைக்குள் ஒவ்வொன்றாக விரிந்துவிடும். வெறும் கையால் தொடக் கூடாது, விஷம் என்பார். ரப்பர் கையுறை ஒரு ஜோடி அதற்கென்றே ஆணியில் தொங்கும்.

அவர் தரங்கம்பாடிக்காரர். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர்தான் படித்து, விலங்கியல் வாத்தியாராகி, கடலே கண்ணில் படாத தஞ்சாவூரில் வந்து உட்கார்ந்தார். நான் மன்னார்குடிப் பக்கம். என் அப்பா அம்மா ஊரார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தவர்கள். நான் தாலுகா ஆபீஸில் சிட்டாவும் அடங்கலும் பார்த்தே தலை நரைத்தவள். கல்யாணமான புதிதில் எனக்கு மீன் வாடையே ஆகாது. அவருக்குக் கடல் வாடை இல்லாமல் முடியாது. தொட்டி அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. ஆரம்பத்தில் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேனில் கடல் தண்ணீர் பிடித்து, பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு கொண்டுவருவார். "கடல் வேணாம்னு போனவன் கடலைக் கேன்ல தூக்கிட்டுப் போறான் பாரு" என்று அவர் அண்ணன் கேலி செய்வார். கடையில் அதற்கென்று உப்புப் பாக்கெட் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் கேன் நின்றது.

போன வருஷம் ஆனி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த சாக்பீஸ் விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. நாக்கில் கோளாறு இல்லை, தொண்டையிலும் இல்லை, மூளையில் வார்த்தை இருக்கிற இடத்தில்தான் அடி என்றார்கள். நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறப்பார், வெறும் காற்று வரும். எழுதச் சொன்னால் இடது கையால் கோடு கோடாக இழுப்பார். ஆமா, இல்லை என்பதற்குத் தலையாட்டுவதுகூட அவருக்கு மாறி மாறிப் போகும்.

கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் முப்பது வருஷம் பேசிய மனுஷன். நான் ஒரு தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், பேப்பரை மடக்கி வைத்துவிட்டுத் திருத்துவார். பேருந்து நேரம், உறவு முறை, செடியின் பெயர், எது தப்பினாலும் விடமாட்டார். ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று ஒரு முறைப்பு முறைப்பார். "போதும் சாமி, உங்க வாய்க்கு ஒரு ஓய்வே கிடையாதா" என்று நான் எத்தனை நாள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்த வாயை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. என் வாயைத்தான் சொல்கிறேன்.

வாரத்தில் ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். சின்ன அறை. சுவரில் வாழைப்பழம், நாய், சாவி, குடை என்று படங்கள். அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார். பயிற்சி கொடுக்கிற மேடத்துக்குப் பொறுமை அதிகம். "பழகிப்போனது சில பேருக்குத் தானா வரும்க்கா. எண்ணறது, கிழமை சொல்றது, இதெல்லாம் வேற இடத்துல பத்திரமா இருக்கும்" என்று சொல்லி விரல்களை மடக்கி எண்ணச் சொன்னார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவரிடம் போய் ஒண்ணு ரெண்டு சொல்லு என்றால்? ரோஷம். எனக்கு அங்கேயே அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்புறம் தை மாதத்தில் ஒரு நாள் காலை. நான் அடுப்படியில் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. டி.வி. ஓடவில்லை, யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், தொட்டிக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கை விரலைக் கண்ணாடியில் வைத்து, விரிந்த பொத்தான்களை எண்ணுகிறார். "பதினாலு... பதினஞ்சு... பதினாறு..." குரல் கரகரப்பாக இருந்தது. ஆனால் அவர் குரல். நான் அடுப்படி வாசலில் நின்ற இடத்திலேயே நின்றேன். நாற்பத்து மூன்று வரைக்கும் எண்ணிவிட்டு விரலை எடுத்தார். அடுப்பில் இருந்த அடுத்த ஈடு இட்லி குழைந்து போயிருந்தது. போகட்டும்.

அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட்டேன். சந்தோஷப்பட்டார், கூடவே ஒரு விஷயமும் சொன்னார். "இது இன்னும் பேச்சு ஆகலக்கா. ஒண்ணுல ஏறினா ரயில் மாதிரி வரிசையா முன்னால ஓடும், அவ்வளவுதான். 'எத்தனை இருக்கு சார்?'னு கேட்டுப் பாருங்க, சொல்ல வராது." கேட்டுப் பார்த்தேன். வாயைத் திறந்தார், தவித்தார், மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தார். "என்னைக்கு ஒரே ஒரு எண்ணைத் தனியா, அவரா எடுத்துச் சொல்றாரோ, அன்னைக்கு வார்த்தை திரும்ப ஆரம்பிச்சிருக்குன்னு வச்சுக்கோங்க. அதுவரைக்கும் இந்த எண்றதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் மேடம். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நான் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அதுவரை தொட்டிக்கு ஏனோதானோ என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். அன்றிலிருந்து நாற்பத்து மூன்று பொத்தானும் என் தலையில் வந்து ஏறின. தஞ்சாவூர் வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிவிடும் என்று தொட்டிக்கு மேலே ரெண்டு சின்ன ஃபேன் ஓடும். அந்தக் காற்றில் தினம் ரெண்டு சொம்புத் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர்தான், உப்பு அப்படியே நின்றுவிடும். அதனால் வற்றின அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணீர் எட்டாமல் போர் தண்ணீரை வைத்தே சாகுபடி செய்து, வயல் உப்பேறி வெள்ளை பூத்துப்போனவர்கள் தினம் நாலு பேர் எங்கள் ஆபீஸில் மனுவோடு நிற்பார்கள். ஊற்றுவதோடு முடியாது. உப்பு அளக்க வேண்டும், கண்ணாடியில் பாசியைச் சுரண்ட வேண்டும், வாரம் ஒரு வாளி தண்ணீரை எடுத்து உப்புக் கரைத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் வீட்டு ஃபேனை நிறுத்தி இன்வெர்ட்டரைத் தொட்டிக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு நடுவில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பகலில் துணைக்கு வருகிற வேலைக்கார அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

மகள் ஓசூரில் இருக்கிறாள். "ஏம்மா இப்படி உசிரை விடுற, அந்தத் தொட்டியை யாருக்காவது குடுத்துடு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். "உங்கப்பா வாயைத் தூக்கிக் குடுத்துடுங்கற, அதானே?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். பாவம், அவள் என் உடம்புக்காகத்தான் சொன்னாள்.

வைகாசியில் ஜமாபந்தி, அதாவது வருஷா வருஷம் நடக்கிற நிலக் கணக்குத் தணிக்கை, வந்தது. அந்த நாட்களில் தாலுகா ஆபீஸ் தலைகீழாகிவிடும். எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் இருந்த ஆர்.ஓ. மெஷின் நின்றுபோனது. தொட்டிக்கு எப்போதும் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். "நாளைக்கு வர்றேன் மேடம்" என்றார் மெக்கானிக். அவருடைய நாளை அஞ்சு வாரம் வரவில்லை.

என்னோடு வேலை பார்க்கிற ஒரு அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "செப்புக் குடத்துல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சுக் காலைல குடுங்க, நரம்புக்கு அவ்வளவு நல்லது." கும்பகோணம் போனபோது நல்ல கனமான குடமாகத் தட்டிப் பார்த்து வாங்கிவந்தேன். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து அதில் ஊற்றி மூடிவைப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பேன், குடம் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். காலையில் அவருக்கு ஒரு டம்ளர். மிச்சத்தில் தொட்டிக்கு ரெண்டு சொம்பு. மனுஷனுக்கே நல்லது என்றால் இந்தப் பொத்தானுக்கு மட்டும் ஆகாதா என்ன என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாளே அவர் இடது கையை வீசினார். டம்ளர் ஒரு பக்கம், சொம்பு ஒரு பக்கம் உருண்டது. கூடம் முழுக்கத் தண்ணீர். "ஒண்ணு ரெண்டு மூணு!" என்று கத்தினார். "ஒண்ணு ரெண்டு மூணு! ஒண்ணு ரெண்டு மூணு!" அடுப்படியில் தெரிந்த குடத்தைக் காட்டினார், தொட்டியைக் காட்டினார், என்னைப் பார்த்துக் கையை வீசினார். தண்ணீரின் ருசி பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். செப்புத் தண்ணீர் கொஞ்சம் துவர்க்கும்தான். "பொத்தான் எல்லாம் அப்புறம் எண்ணிக்கலாம், மொதல்ல இதைக் குடிங்க" என்றேன்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது. "சின்னப் புள்ளையா நீங்க? இப்படி அடம் புடிச்சா நான் என்னதான் பண்ணுவேன்? எனக்கும் ஒரு உடம்புதானே இருக்கு!" என்று கத்திக்கொண்டே மோவாயைப் பிடித்து டம்ளரை வாயில் சாய்த்தேன். முழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புரையேறியிருக்கும் என்று நினைத்து உச்சந்தலையைத் தட்டினேன். அப்புறம் சொம்பை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, தொட்டியில் ஊற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். இப்படி அஞ்சு வாரம்.

நாலாவது வாரம் கண்ணாடியில் பாசி மேய்கிற நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்து கிடந்தன. வயசாகியிருக்கும் என்று எடுத்துப் போட்டேன். அஞ்சாவது வாரம் பொத்தான்கள் சரியாக விரியவில்லை. எட்டரை ஆகும், ஒன்பதாகும், பாதி மூடினபடியே நிற்கும். அவர் எண்ணுவது முப்பத்தெட்டுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது, இருபதுக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை விளக்கு எரிந்தும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. விரலைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிக் கைகாட்டினார். திருப்பிப் போட்டேன்.

அந்த வாரம் பயிற்சி அறையில் அவர் வாயையே திறக்கவில்லை. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இருக்கிற ஒண்ணும் விட்டுப்போச்சுன்னா திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்க்கா" என்றார். வீட்டுக்கு வந்ததும், அவருக்குத் தொட்டிச் சாமான் எல்லாம் கொடுக்கிற திருச்சிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"மருந்து ஏதாச்சும் ஊத்துனீங்களாம்மா?" என்றார்.

"இல்லைங்க."

"பெயிண்ட் அடிச்சீங்களா? கொசு மருந்து, சோப்புத் தண்ணி ஏதாச்சும் தெறிச்சுதா?"

"எதுவும் இல்லைங்க. காய்ச்சி ஆறவச்ச நல்ல தண்ணிதான் ஊத்துறேன்."

"அப்ப தண்ணியிலதான் என்னமோ ஆயிருக்கு. பாதிக்குப் பாதி எடுத்துட்டுப் புதுசா மாத்துங்க. சுத்தமான கடல் தண்ணி கெடைச்சா இன்னும் நல்லது" என்றார்.

கடல் தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? அவர் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து பார்த்துவிட்டு, பேசாத தம்பியைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று போனவர் அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை. அதில் எனக்கு நெஞ்சு நிறையக் கோபம். அந்தக் கோபத்தை எல்லாம் முழுங்கிக்கொண்டு, "மாமா, கடல் தண்ணி வேணும்" என்றேன். "எத்தனை கேன்ம்மா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மீன் வண்டியில், மீன் பெட்டிகளுக்கு நடுவே பத்துக் கேனோடு வந்து இறங்கினார். "கரையில மொள்ளலம்மா, அங்க ஆத்துத் தண்ணி கலந்து கெடக்கும். நல்லா உள்ள போயி தெளிஞ்ச எடத்துல மொண்டது" என்றார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தம்பியின் தோளில் கையை வைத்து, "என்னடா?" என்றார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டியூபையும் வாளியையும் எடுத்துவந்தேன். மாமாவும் நானுமாகப் பழைய தண்ணீரை வடிக்க ஆரம்பித்தோம்.

பாதி வடிந்திருக்கும். அவருக்குத் தண்ணீர் கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் குடத்திலிருந்து டம்ளரிலும் சொம்பிலும் மொண்டு எடுத்துக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கம்பை ஊன்றி எழுந்துவிட்டார். "ஒண்ணு ரெண்டு மூணு! ஒண்ணு ரெண்டு மூணு!"

"பார்த்தீங்களா மாமா? தினமும் இதே ரகளைதான். ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கிறார்" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிக்கறதப் பத்திச் சொல்லலம்மா அவன். கண்ணு எங்க போவுது பாரு" என்றார்.

பார்த்தேன். கம்பைப் பிடித்திருந்ததால் கை ஓய்ந்திருந்தது, கண் மட்டும் போனது. என் கையிலிருந்த சொம்புக்கு, அங்கிருந்து தொட்டிக்கு. மறுபடி சொம்புக்கு, மறுபடி தொட்டிக்கு.

"இந்தத் தண்ணியவா தொட்டியில ஊத்துற?"

"ஆமா மாமா. நல்ல தண்ணிதான், காய்ச்சினது."

"எதுல வச்சது?"

"செப்புக் குடத்துல."

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவமே! படகுக்கு அடியில செம்பு போட்ட சாயம் எதுக்கும்மா அடிக்கறோம்? சிப்பி, கொட்டலசு எதுவும் உசுரோட வந்து ஒட்டிக்கக் கூடாதுன்னுதானே? இதுவும் அந்த மாதிரி உசுருதானே? இவன் மெனக்கெட்டு அதைத்தான் உங்கிட்ட சொல்லிட்டிருந்திருக்கான்."

அவர் தலையை ஆட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை அது ஆமாதானா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வாய்விட்டு அழுதேன். அவரிடம் மிஞ்சியிருந்தது எண்கள்தான். அதை வைத்துக்கொண்டு அஞ்சு வாரமாக என்னிடம் மன்றாடியிருக்கிறார். விலங்கியல் வாத்தியாருக்குத் தெரியாதா செம்பு என்ன செய்யும் என்று? நான் மோவாயைப் பிடித்து வாயில் ஊற்றியிருக்கிறேன். அவர் கண் முன்னாலேயே தினம் ரெண்டு சொம்பு விஷத்தை ஊற்றியிருக்கிறேன். பளபளவென்று தேய்க்கத் தேய்க்கச் செம்பு இன்னும் கூடுதலாகத் தண்ணீரில் இறங்கும் என்று கடைக்காரர் பிறகு போனில் சொன்னார். வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்தவளாயிற்றே நான்.

உள்ளே போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, "தப்பு என்மேலதாங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெண்டு நாள் என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. மாமாதான் ஊட்டினார். நியாயம்தான். நானாக இருந்தால் ரெண்டு மாதம் வாங்கியிருக்க மாட்டேன்.

குடத்தைப் பரணில் போட்டேன். மாமா நாலு நாள் இருந்தார். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினோம். கடைக்காரர் செம்பை உறிஞ்சுகிற கரித்தூள் பை அனுப்பினார். "கல்லுலயும் ஏறியிருக்கும்மா. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்தப் பாருங்க" என்றார். செத்த பொத்தான்கள் கூழாகிப்போய் நாறின. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வழித்து எடுத்தேன். ஆபீஸுக்கு லீவு. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக் வந்து, கால்மணி நேரத்தில் ஆர்.ஓ. மெஷினைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவரைத் திட்டக்கூட என் உடம்பில் தெம்பில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மாமா, கேட்காமலேயே, தம்பியின் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். இவர் உட்கார்ந்தார், பார்த்தார். எண்ணவில்லை.

ஒரு வாரம் கல் பழுப்பாகவே கிடந்தது. எட்டாம் நாள் ஒன்று திறந்தது. அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு. நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். உதடு அசையாது. "வற்புறுத்தாதீங்கக்கா" என்றார் மேடம். வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு அந்தக் கூடத்தில் சத்தமே இல்லாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் அவருக்குப் பதில் நானே எண்ண ஆரம்பித்தேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, தலையைப் பின்னிக்கொண்டே, தினம் காலையில் நின்று சத்தமாக எண்ணுவேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இனிமேல் இவ்வளவுதான் போல என்று எனக்குள் முடிவுக்கு வந்துவிட்டேன். பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. எனக்கும் அலுத்துப்போனது.

ஆடி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெருவில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிலும் மனசில்லை. அன்றைக்கும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், வாய் பாட்டுக்கு எண்ணினேன். "ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. இன்னைக்குப் பன்னெண்டு இருக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"ப..." என்று பின்னால் சத்தம் வந்தது. "பதி... பதினொண்ணு."

அப்படியே நின்றேன். பன்னிரண்டுக்கு அப்புறம் வாய் பதின்மூன்றுக்குத்தான் ஓடும். மேடம் சொன்ன ரயில் முன்னால்தான் போகும். பின்னால் வராது. திரும்பிப் பார்த்தேன். இடது கை விரல் கண்ணாடியின் கீழ் மூலையில் இருந்தது. செருப்போடு உள்ளே ஓடி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நான் பன்னிரண்டாவதாக எண்ணினது பொத்தான் இல்லை. செத்ததன் தோல், கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன். "பதினொண்ணுதாங்க."

பஸ் போயிருக்கும். கைப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதின்மூன்று மாதம் தவங்கிடந்து, இந்த மனுஷன் வாயிலிருந்து அவராக எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை, என் தப்பைத் திருத்துவதற்கு. "இன்னொரு தடவை சொல்லுங்க. ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினேன்.

சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று, அதே பழைய முறைப்பு முறைத்தார்.